கணக்கு டீச்சரின் வலது கை

ரோபோ வகுப்புக்கு ஆள் சேர்த்ததே ஒரு கூத்து. நான்கு சனிக்கிழமைகள், காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை, மாணவர்கள் இருபது பேர், அவர்களோடு ஆசிரியர்கள் ஆறு பேரும் கட்டாயம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. அறுபது பேர் பெயர் கொடுத்தார்கள், குலுக்கலில் வராதவர்கள் அழுதார்கள். ஆசிரியர்கள்தான் அகப்படவில்லை. ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி. "எனக்கு டிவி ரிமோட்டே கட்டுப்படாது, என்னை விட்டுடுங்க" என்றார் இன்னொருவர். கடைசியில் தலைமையாசிரியை தன் அறை வாசலைக் கடந்து போனவர்களையெல்லாம் பட்டியலில் எழுதிவிட்டார். விளையாட்டு வாத்தியார் ரோபோ படிக்க வந்தது அப்படித்தான். தண்ணீர் குடிக்கப் போன மனிதரைப் பிடித்துவிட்டார்கள்.

தானாகப் போய்ப் பெயர் கொடுத்தவர் கணக்கு டீச்சர் மட்டும்தான்.

நான் அந்தப் பள்ளியின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். சோதனைக்குழாய் கழுவுவது, அமில பாட்டில்களைப் பூட்டி வைப்பது, உடைந்த பீக்கருக்கு யார் காரணம் என்று கண்டுபிடிப்பது, இதிலேயே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. பிள்ளைகளுக்கு நான் லேப் அக்கா. டீச்சர் குடும்பம் எங்கள் கட்டடத்திலேயே, எனக்கு நேர் மேலே குடியிருந்தது. அங்கே நாற்காலி நகர்ந்தால் இங்கே எனக்குத் தெரியும். அப்போது டீச்சருக்கு நாற்பத்தேழு வயது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி உயரமான கட்டடங்கள் அவரை நம்பித்தான் ஏறி இறங்குகின்றன என்று டீச்சர் பெருமையாகச் சொல்வார். ஒரே பெண், எட்டாம் வகுப்பு. பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோதான் இருந்தாளாம். அப்பா அவளைச் சில்லு என்று கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. குலுக்கலில் அவள் பெயரும் வந்தது. அம்மாவும் பெண்ணும் ஒரே குழு.

முதல் சனிக்கிழமை கலகலப்பாகத்தான் போனது. ஆய்வக மேசைகளில் செய்தித்தாள் விரித்து, நான்கு பிளக் பாக்ஸ் இழுத்துக் கொடுத்தேன். பயிற்சி கொடுக்க வந்த தம்பிக்கு மீசை இப்போதுதான் கெட்டியாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெட்டி கொடுத்தான். உள்ளே சக்கரம், மோட்டார், பேட்டரி, கடுகு அளவுக்கு ஸ்க்ரூ. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானாகவே ஓடும் சின்ன வண்டி செய்ய வேண்டும். விளையாட்டு வாத்தியாரின் வண்டி கோட்டைப் பார்க்கவே மாட்டேன் என்று சுவரைப் போய் முட்டியது.

"என் கிளாஸ் பசங்க மாதிரியே இருக்கு. விசில் ஊதினா நிக்குமா தம்பி?" என்று கேட்டார்.

"நிக்காது சார். கண்ணைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க."

கணக்கு டீச்சர் கையிலிருந்து ஸ்க்ரூ அடிக்கடி விழுந்தது. சில்லு மேசைக்கடியில் குனிந்து குனிந்து பொறுக்கினாள். "அம்மா, நீ கோடு போடு, கணக்கு போடு. முடுக்கறத என்கிட்ட விட்டுடு" என்று அதிகாரம் செய்தாள். டீச்சர் சிரித்தார். நாற்பது வயதுக்கு மேல் அந்த ஸ்க்ரூ யார் கையில்தான் நிற்கும் என்று நான்கூட நினைத்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. மேலே மின்விசிறி சுற்றினால் காகிதமெல்லாம் பறக்கிறது என்று நிறுத்தி வைத்திருந்தோம். அன்றைக்குச் செய்தது இயந்திரக் கை. பிளாஸ்டிக் துண்டுகளால் ஆன முழங்கை நீளக் கை. மூட்டுக்கு ஒன்றாக நான்கு சின்ன மோட்டார்கள். அதை ஓட்ட ஒரு கையுறை. கையுறையின் முதுகில் தபால்தலை அளவுக்கு ஒரு சென்சார். நம் கை எப்படிச் சாய்கிறதோ அப்படியே மேசைமேல் இருக்கும் கையும் சாயும். பக்கத்தில் கணினித் திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். கை அசையாமல் இருந்தால் கோடும் நேராக இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு குழுவாக ஓட்டிக் காட்டினார்கள். விளையாட்டு வாத்தியாரின் கை ஒரு காகித உருண்டையைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டது, அவரே அவருக்குக் கை தட்டிக்கொண்டார். அடுத்தது கணக்கு டீச்சர். வலது கையில் கையுறையை மாட்டி, மேசைமேல் கையை வைத்தார்.

"கையை அப்படியே சும்மா வைங்க டீச்சர். முதல்ல அதை ஜீரோவுல நிறுத்தணும்" என்றான் தம்பி.

டீச்சர் சும்மாதான் வைத்திருந்தார். மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கை மட்டும் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. திரையில் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். "டீச்சர், ரோபோவுக்குக் குளிர் ஜுரம்" என்றான் ஒருவன். டீச்சரும் சிரித்தார்.

"லூஸ் கனெக்‌ஷன்" என்று தம்பி ஒயரை அழுத்திப் பார்த்தான். ஆடியது. வேறு சென்சார் மாற்றினான். அப்போதும் ஆடியது. வேறு கையுறையே கொண்டுவந்தான்.

சில்லுவுக்குப் பொறுக்கவில்லை. "இருங்கண்ணா. ஒண்ணொண்ணா பாக்கலாம். எது தப்புன்னு இப்ப கண்டுபிடிச்சிடறேன்" என்று நோட்டைத் திறந்து கட்டம் போட்டாள். ஒரு பக்கம் ஆட்களின் பெயர், ஒரு பக்கம் பழைய சென்சார், புது சென்சார். முதலில் தானே மாட்டிக்கொண்டாள். நேர்க்கோடு. பிறகு தம்பி, விளையாட்டு வாத்தியார், நான், நான்கு மாணவர்கள். என் கையில் அந்தக் கையுறை வெதுவெதுப்பாக இருந்தது. எல்லாருக்கும் நேர்க்கோடு. மறுபடி டீச்சர். இரண்டு சென்சாரிலும் ரம்பப் பல். ஒரு வினாடிக்கு எத்தனை பல் என்றுகூட எண்ணினாள். ஐந்து. மூன்று தரம் எண்ணினாள், மூன்று தரமும் ஐந்து.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் முகமெல்லாம் மலர நிமிர்ந்தாள்.

"அண்ணா, சென்சார்ல தப்பே இல்ல. அம்மா கைலதான் தப்பு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகம் வெளுத்துப் போவதை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. டீச்சர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ மேசைமேல் மறந்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, மாத்திரை உருட்டுவது போல ஆடின. அவ்வளவு சின்ன ஆட்டம். கையுறையும் திரையும் இல்லாவிட்டால் நாங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

"காலையில ரெண்டு டீ குடிச்சிட்டேன்" என்றார் டீச்சர். கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார். "அடுத்த குழு வாங்கப்பா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வாங்கிய ரொட்டித் தட்டைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். லிஃப்ட்காரர் குக்கர் கைப்பிடியை மாட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். சில்லு அறையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

"உக்காருங்கக்கா. நேத்து நடந்த கூத்தை இவர்கிட்ட இப்பதான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்ற டீச்சர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு எட்டு பேருக்கு டெஸ்ட் வெச்சு, கடைசியில என்னை ஃபெயிலாக்கிட்டா."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"எந்தக் கையில மாட்டின?"

"வலது."

"நடக்கும்போதும் அந்தக் கைதான் வீசறதில்ல" என்றார்.

டீச்சர் கத்தியை நிறுத்தினார். "என்னது?"

"இடது கை முன்ன பின்ன போகும். வலது கை உடம்போட ஒட்டிக்கிட்டே இருக்கும். பின்னாடி வர்றப்ப பார்த்தேன்."

"எப்போ பார்த்தீங்க?"

அவர் குக்கரைப் பார்த்தார்.

"ஏங்க, எப்போலேர்ந்து பாக்கறீங்க?"

"எட்டு மாசம் இருக்கும்."

எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அவர் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் சர்வீஸ் அவருடையது. ஒருநாள் நரம்பு டாக்டர் லிஃப்ட்டில் ஏறினாராம். மூன்றாவது மாடியிலிருந்து ஏழாவது மாடி போவதற்குள் இவர் கேட்டாராம், தெரிந்த ஒரு அம்மாவுக்கு இப்படி, கை வீசவில்லை, விரல் ஆடுகிறது, என்னவாக இருக்கும் என்று. டாக்டர் ஒரு வியாதியின் பெயரைச் சொல்லி, அதுவாக இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும், சீக்கிரம் கூட்டி வாருங்கள் என்றாராம்.

"சரின்னு சொன்னேன். கீழ இறங்கி வீட்டுக்கு வந்ததும் உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் நெனச்சேன்."

"எட்டு மாசமா இறங்கிக்கிட்டே இருந்தீங்களா?"

"சொல்லாத வரைக்கும் அது வெறும் கை. சொல்லிட்டா வியாதியாயிடும். எனக்கு வாய் வரல."

டீச்சர் சத்தம் போடவில்லை. வகுப்பில் தப்பான விடையைத் திருத்தும் குரலில்தான் பேசினார்.

"லிஃப்ட்ல ஒரு சின்ன சத்தம் கேட்டா என்ன பண்ணுவீங்க? ஒருத்தரையும் ஏற விடமாட்டீங்க. உடனே போர்டு மாட்டிடுவீங்க. முன்பின் தெரியாதவங்களுக்கு அவ்வளவு பாக்கறீங்க. என்னை மட்டும் ஏன் ஓட விட்டீங்க?"

டீச்சர் மறுபடி கத்தியை எடுத்து உருளைக்கிழங்கைச் சீவ ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சீவி முடித்தார். அதற்குப் பிறகு ஆறு நாள் வீட்டுக்காரரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாழக்கிழமை டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். "அவர் வேண்டாம், நீங்க வாங்க" என்றார் டீச்சர். ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஏறாமல் நான்கு மாடியும் படியில் ஏறினார். டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார், வராந்தாவில் நடக்க விட்டுப் பின்னால் நின்று பார்த்தார். நானும் பார்த்தேன். வலது கை தொங்கிக்கொண்டே வந்தது. தினமும் அந்தப் பெண்மணியோடுதான் பள்ளிக்கு நடக்கிறேன். எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

"வாசனை சரியா தெரியுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு வருஷமா சளி. அதனால கொஞ்சம் மட்டு."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. போன வருஷம் பால் தீய்ந்த நாற்றம் கீழே என் வீட்டுக்கே வந்து, "டீச்சர், அடுப்பு அடுப்பு" என்று கத்தினேன். அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கணக்குக்குள் போனால் உலகமே மறந்துவிடும் இவருக்கு என்று அன்றைக்குக் கேலி செய்தேன். அதை டாக்டரிடம் சொன்னேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீங்களுமா என்பது போல இருந்தது.

டாக்டர் பெயரைச் சொன்னார். பார்க்கின்சன். மூளைக்குள் ஒரு ரசாயனம் குறைந்துகொண்டே வரும். குணப்படுத்த முடியாது, கட்டுக்குள் வைக்கலாம். மாத்திரை, உடற்பயிற்சி. இப்போதைக்கு வேலையை விட வேண்டியதில்லை. "சும்மா இருக்கறப்பதான் நடுக்கம் அதிகம் தெரியும். ஒரு வேலையில கையை நீட்டினீங்கன்னா குறையும்" என்றார்.

"எத்தனை வருஷம் டாக்டர்?"

"அதுக்கு ஃபார்முலா இல்லம்மா. ஆளுக்கு ஆள் மாறும்."

"ஒரு உத்தேசமா."

"உத்தேசமாவும் சொல்ல முடியாது."

டீச்சர் தலையாட்டினார். கொஞ்சம் தயங்கி, எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று கேட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை, மாத்திரை கொஞ்சம் முன்பே ஆரம்பித்திருக்கலாம் என்றார் டாக்டர். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், "அவர் இன்னும் கொஞ்சம் கெடுதலா எதாவது செஞ்சிருந்தா திட்டறதுக்கு வசதியா இருந்திருக்கும்" என்றார் டீச்சர். அப்போதுதான் அழுதார். இரண்டு நிமிஷம். பிறகு மருந்துக் கடையில் வரிசையில் நின்றார்.

மூன்றாவது சனிக்கிழமை காலையிலிருந்து மழை. ஆய்வகத்தைத் திறக்கக் கிளம்பியபோது மேலே சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். சில்லு சீருடை மாட்டாமல் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாகப் பள்ளிக்கு வந்தாள், போனாள், யாரோடும் பேசவில்லை. அப்பா வாசலருகே நின்றிருந்தார்.

"நான் வரமாட்டேன். அந்தக் கையுறையைத் தொடமாட்டேன்" என்றாள்.

"ஏண்டி, நீ என்ன பண்ணின?" என்றேன்.

"நான்தான் எல்லார் முன்னாடியும் சொன்னேன். நான் அந்த டெஸ்ட் வெக்காம இருந்திருந்தா அம்மாவுக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது."

"ஆகியிருக்கும். தெரியாம இருந்திருக்கும்" என்றேன்.

"அதேதான். தெரியாமலே இருந்திருக்கும்ல."

டீச்சர் சமையலறையிலிருந்து வந்தார். மகளையும் வாசலில் நின்ற கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கப்பா போட்ட அதே தப்புக் கணக்கைத்தான் நீயும் போடற" என்றார் மகளிடம். பிறகு சில்லுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "உன் டெஸ்ட்ல ஒரு குறை இருக்கு. அதைச் சரி பண்ணாம நீ பாதியில ஓடிவரக் கூடாது."

"என்ன குறை?"

"ஸ்கூலுக்கு வா, சொல்றேன்."

எந்தப் பிள்ளையை எதைச் சொல்லிக் கிளப்புவது என்று டீச்சருக்குத் தெரிந்திருந்தது. அரை மணி நேரம் தாமதமாக, மூவரும் நனைந்துகொண்டு போனோம். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. மேசைமேல் கையுறையைக் காணோம். தம்பி அதைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தான். "டீச்சர், நான் அன்னைக்கு அப்படி எல்லார் முன்னாடியும்..." என்று ஆரம்பித்தான்.

டீச்சர் பையை வைத்துவிட்டுப் பலகைக்கு முன்னால் போய் நின்றார்.

"எல்லாரும் ஒரு வாரமா எனக்குப் பின்னாடி பேசிக்கிட்டிருக்கீங்க. எனக்கு முன்னாடியே பேசலாம். எனக்கு ஒரு நரம்பு வியாதி வந்திருக்கு. ஒட்டிக்காது. கை நடுங்கும், நடை கொஞ்சம் மெதுவாகும். மூளைக்குக் கணக்கு மறக்காது. அதனால மார்க் அள்ளிப் போடுவேன்னு யாரும் கனவு காண வேண்டாம்."

விளையாட்டு வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது. கடைசி மேசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "வலிக்குமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"வலிக்கல. விறைப்பா இருக்கும். தம்பி, அந்தக் கையுறையை எடுப்பா."

மாட்டிக்கொண்டு மேசைமேல் கையை வைத்தார். பிளாஸ்டிக் கை ஆட ஆரம்பித்தது. திரையில் அதே ரம்பப் பல். இந்தத் தடவை அறையில் மழைச் சத்தம் மட்டும்தான்.

"சில்லு, நோட்டை எடு. எல்லாருக்கும் கையைச் சும்மா வெச்சுத்தானே பார்த்த? வேலை செய்யற கையைப் பாக்கவே இல்ல. பாதி சோதனையை வெச்சுத் தீர்ப்பு சொல்லலாமா?"

சில்லு மெதுவாக நோட்டை எடுத்தாள். புதுப் பக்கத்தில் கட்டம் போட்டாள். டீச்சர் மேசைமேல் இருந்த காகிதக் கோப்பையை நோக்கிக் கையை நீட்டினார். பிளாஸ்டிக் கையும் தன் கோப்பையை நோக்கி நீண்டது. நீள நீள ஆட்டம் குறைந்தது. கோப்பையைப் பிடித்து உயர்த்தியபோது திரையில் கோடு சாய்ந்து, வளைந்து, ஏறக்குறைய வழவழவென்று போனது.

"நின்னுடுச்சு" என்றான் முன்னால் இருந்த பையன், மூச்சுவிடுவது போல.

டீச்சர் கோப்பையை வைத்தார். கை மேசைமேல் ஓய்ந்தது. நான் உள்ளுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி ஆட ஆரம்பித்தது. யாரோ ஒரு பிள்ளை விம்மியது. டீச்சர் கையை மறைக்கவில்லை.

"நின்னதையும் எழுது, திரும்பி வந்ததையும் எழுது" என்றார். "ரெண்டும் நிஜம்."

சில்லு இரண்டையும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு நோட்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டீச்சர் அவள் முதுகில் இடது கையை வைத்துக்கொண்டு, வலது கையால் அடுத்த அளவை ஆரம்பித்தார். அன்று மாலை வரை இருவரும் வேலை செய்தார்கள். நான்காவது சனிக்கிழமை பெற்றோர்கள் முன்னால் அந்தக் கையை ஓட்டிக் காட்டியதும் டீச்சர்தான். இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்றும் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு அவர்தான். மாத்திரை வேளை தவறினால் பிள்ளைகளே ஞாபகப்படுத்துகிறார்கள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த மழை நாளின் நான்கு மணி. ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு வந்தால், பள்ளி வாசலில் லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார். வேலைச் சட்டை, சட்டையெல்லாம் கிரீஸ், கையில் இரண்டு குடை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. டீச்சர் அவரைப் பார்த்தார். ஒரு குடையை வாங்கி விரித்துக்கொண்டு, சில்லுவோடு நடக்க ஆரம்பித்தார். அவர் பத்தடி விட்டு, இன்னொரு குடையை விரிக்காமல் பின்னாலேயே போனார். நான் அவருக்கும் பின்னால்.

தெருமுனை வரை அப்படியே போனோம். அங்கே டீச்சர் நின்றார். திரும்பினார். ஆறு நாளில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பின்னாடி நின்னு என் கையைப் பார்த்துக்கிட்டே வராதீங்க."

அவர் நனைந்த கண்ணாடியைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"பக்கத்துல வாங்க" என்றார் டீச்சர்.